காணாமல் போன ஒரு சென்டிமீட்டர்

அத்தியாயம் 9

டைல்ஸ்காரரின் கருவிப் பையில், சாந்துக் கரண்டிக்கும் ரப்பர் சுத்தியலுக்கும் நடுவே மடித்துச் செருகியிருந்த பரீட்சைத் தாளை அவர் மனைவி உருவி எடுத்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். கணக்கு. பத்துக்குப் பூஜ்ஜியம். அதை அங்கே ஒளித்து வைத்தது மூன்றாம் வகுப்பு படிக்கும் அவர்களுடைய ஒரே மகள். பையில் இருப்பது தெரிந்தும் தெரியாததுபோல இரண்டு நாள் அதைச் சுமந்து திரிந்தவர் அப்பா.

“இப்படியும் ஒரு அப்பாவா?” என்று நாலைந்து பேர் கடிதம் எழுதிக் கேட்டுவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள். மனுஷன் நல்லவர்தான். பள்ளிக்கூடம் என்ற பேச்சை எடுத்தால் மட்டும் ஏதாவது வேலையைச் சாக்குச் சொல்லி நழுவிவிடுவார்.

இன்று மதியம் மூன்று மணிக்கு அவர்கள் பள்ளிக்குப் போக வேண்டும். பிள்ளைகளுக்கு விடுமுறை, ஆசிரியர்களுக்கு மட்டும் வேலை நாள். இனிமேல் தினமும் கணக்குப் பாடவேளைக்கு மட்டும் மகள் இரண்டாம் வகுப்பில் போய் உட்கார வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அதைப் பற்றிப் பேசத்தான் இன்று பெற்றோரை வரச் சொல்லியிருக்கிறார்.

“அந்த பெஞ்சுல என் முட்டி இடிக்கும்மா,” என்றாள் மகள், காலையில் ரொட்டியைப் பிய்த்தபடி. அந்த ரொட்டித் துண்டு வாய்க்குள் போகவே இல்லை.

அவளை வீட்டில் எல்லோரும் சில்லு என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா வேலையிடத்திலிருந்து கொண்டு வரும் உடைந்த டைல்ஸ் சில்லுகளை ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சேர்த்து வைத்திருக்கிறாள். நீலம், வெள்ளை, பச்சை என்று நிறம் பிரித்துத் தரையில் பரப்பி உட்கார்ந்தாளானால், இரண்டு மணி நேரம் வீட்டில் குழந்தை இருப்பதே தெரியாது.

ஒரு மாதமாக அம்மாவும் வீட்டுக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் நடத்திப் பார்க்கிறாள். கணக்கு என்ற வார்த்தையைச் சொல்லாமலேயே கணக்கு. காலுறைகளை ஜோடி சேர்ப்பது, பகடை உருட்டிக் காய் நகர்த்துவது, படுக்கை விரிப்பைப் பாதியாக, காலாக, அரைக்காலாக மடிப்பது. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் நாளுக்கு முந்நூறு விரிப்பு மடிக்கிறவள். மடிப்பு அவளுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? ஒரே ஒரு முறை உற்சாகம் தலைக்கேறி, ரொட்டியை எட்டுச் சம பங்காக வெட்டச் சொன்னாள். அன்று மூன்று பேரும் ரொட்டித் தூளைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டார்கள்.

சில்லுவுக்கு இதெல்லாம் உயிர். ஆனால், “இதுதான் கண்ணு கணக்கு,” என்று அம்மா சொன்னால் நம்ப மாட்டாள்.

“இது விளையாட்டும்மா. கணக்கு வேற.”

அதற்கு ஒத்து ஊத அப்பா இருக்கிறாரே! மகள் முகம் வாடினால் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதுவார். “விடு கண்ணு. நம்ம வீட்டுல யாருக்கும் கணக்கு வராது. அதுக்கு என்ன பண்றது?” என்பார். அன்பாகத்தான் சொல்வார். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிற மாதிரி.

இன்று காலையும் அதைச் சொன்னார். அம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“அதையே சொல்லிச் சொல்லி அவ மண்டையில ஏத்துங்க! மூணு மணிக்கு நீங்க வரணும், சொல்லிட்டேன்.”

“நீ போயிட்டு வாயேன். எனக்கு அந்தக் குளியலறைய முடிச்சுக் குடுக்கணும்.”

“ஒரு ஆள் லீவு. என்னைக் காலை ஷிப்டுக்குக் கூப்பிட்டுட்டாங்க. நான் அங்கிருந்து நேரா வந்துடுறேன். சில்லுவ நீங்க உங்ககூட வேலைக்குக் கூட்டிட்டுப் போயி, அப்படியே ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வாங்க.”

“நானா?”

“பின்ன, அந்த சுத்தியலா கூட்டிட்டு வரும்?”

டீச்சரிடம் காட்ட வேண்டிய அந்தத் தாளை அம்மா திரும்பவும் பைக்குள் செருகினாள்; அவர் பையைத் தோளில் மாட்டினார்.

*

வேலை ஒரு மாடி வீட்டின் குளியலறையில். தரை முடிந்துவிட்டது. சுவர் ஓரமாக மூன்று இடைவெளிகள் மட்டும் பாக்கி. முழு டைல் அங்கே நுழையாது. அளந்து, வெட்டி, பொருத்த வேண்டும். தூசி பறக்கும் என்பதால் வெட்டும் மெஷினை வீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார். ஒவ்வொரு துண்டுக்கும் உள்ளே வந்து அளந்து, வெளியே போய் வெட்ட வேண்டும்.

“நான் அளந்து எழுதித் தரட்டுமாப்பா?” என்றாள் சில்லு.

பிள்ளைக்குப் பொழுது போகட்டுமே என்று தன் டேப்பைக் கொடுத்தார்.

அந்த டேப்பைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். இரும்புச் சுருள் டேப். இரண்டு வருடத்துக்கு முன் அதன் முனைக் கொக்கி பிய்ந்து, நுனி கோணிப்போனது. கோணிய ஒரு சென்டிமீட்டரை அவரே நறுக்கி எறிந்துவிட்டு, உள்ளே ஓடிவிடாதபடி நுனியில் கறுப்பு ஒட்டுநாடாவைச் சுற்றி வைத்தார். வேறு வாங்கச் சொல்லி மனைவி நூறு தடவை சொல்லியாயிற்று. கைக்குப் பழகியதை விட அவருக்கு மனசு வராது.

சில்லு அதை மூன்று இடத்திலும் வைத்து, நாக்கை உதட்டோரம் நீட்டிக்கொண்டு அளந்தாள். 18, 23, 10 என்று அட்டைத் துண்டில் எழுதிக் கொடுத்தாள். அவர் பின்பக்கம் போய், மூலைமட்டத்தில் அளவு பார்த்து மூன்றையும் வெட்டிக்கொண்டு வந்தார்.

முதல் துண்டு நுழையவில்லை.

திருப்பி வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. இரண்டாவதும் நுழையவில்லை. மூன்றாவது சுவரில் முட்டிக்கொண்டு சாய்ந்து நின்றது.

சில்லுவின் முகத்தைப் பார்த்தார். அது ஏற்கெனவே சிவந்துவிட்டது.

“பெரிசாப் போனா பரவால்ல கண்ணு, குறைச்சுக்கலாம். சின்னதாப் போனாத்தான் வம்பு,” என்றவர் வழக்கம்போல அதையும் சேர்த்துச் சொன்னார். “விடு. நம்ம வீட்டுல யாருக்கும் கணக்கு வராது.”

சில்லு டேப்பைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தாள். கதவோரம் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

அவர் இடைவெளிகளைத் தானே அளந்து, துண்டுகளில் பென்சிலால் கோடு போட்டு, பின்பக்கம் எடுத்துப் போனார். முதல் துண்டை வெட்டியதும் மெல்லிய பட்டை ஒன்று விழுந்தது. இரண்டாவதிலும் ஒன்று. மூன்றாவதிலும் ஒன்று. மெஷினை நிறுத்திவிட்டுக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றார்.

மூன்று பட்டைகளும் ஒரே அகலம்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தடவிப் பார்த்தார். இருபது வருடமாக டைல் ஒட்டுகிற விரல். மயிரிழை மேடு பள்ளத்தையும் கண்டுபிடித்துவிடும். ஒன்றுக்கொன்று இம்மியும் வித்தியாசம் இல்லை. அளக்கத் தெரியாத பிள்ளை ஓரிடத்தில் கூட்டிச் சொல்லும், ஓரிடத்தில் குறைத்துச் சொல்லும். இது என்ன, அச்சில் வார்த்த மாதிரி?

பட்டைகளோடு உள்ளே ஓடினார்.

“சில்லு, இங்க வா. எங்கிட்ட ஒரு தடவை அளந்து காட்டு.”

“எனக்கு வராதுப்பா.”

“வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். சும்மா காட்டு.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து டேப்பை எடுத்தாள். நுனியில் இருந்த 1 என்ற கோட்டைச் சுவரோடு கச்சிதமாக ஒட்டி வைத்தாள். மறுமுனையில் குனிந்து பார்த்தாள். “பதினெட்டு.”

அவருக்குச் சுரீர் என்றது.

“ஒண்ணுலேர்ந்தா ஆரம்பிக்கிற?”

“நீங்க அப்படித்தானே ஆரம்பிப்பீங்க?”

“ஆமா. நுனி இல்லையே, அதனால ஒண்ணுல வைப்பேன். ஆனா கடைசியில ஒண்ணைக் கழிச்சுடுவேன்ல?”

“எப்போ கழிச்சீங்க?”

“எப்பவுமே கழிப்பேன். மனசுக்குள்ள.”

சில்லு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “நீங்க மனசுக்குள்ள கழிச்சா எனக்கு எப்படித் தெரியும்?”

டைல்ஸ்காரர் கையிலிருந்த பட்டைகளைக் கீழே வைத்தார். வேறொன்று நினைவுக்கு வந்தது. பையைக் கவிழ்த்தார். சுத்தியல், கரண்டி, நூலுருண்டை எல்லாம் விழுந்து, கடைசியில் அந்தத் தாள் விழுந்தது. காய்ந்த டைல்மேல் அதை நீவி விரித்தார். பத்துக் கோடுகள் வரைந்திருந்தன. ஒவ்வொன்றையும் ஸ்கேலால் அளந்து எழுத வேண்டும். பத்துக்கும் நேரே பத்துச் சிவப்புப் பெருக்கல் குறி.

தன் இரும்பு மூலைமட்டத்தை எடுத்தார். அதில் பூஜ்ஜியம் இருக்கிறது. முதல் கோட்டில் வைத்தார். ஆறு. சில்லு எழுதியிருந்தது ஏழு. அடுத்தது ஒன்பது. எழுதியிருந்தது பத்து. நாலுக்கு ஐந்து. பதினொன்றுக்குப் பன்னிரண்டு. கடைசிக் கோடுவரை போய்ப் பார்த்தார்.

அந்தத் தாளைப் பெரியவர்கள் மூன்று பேர் கையில் எடுத்திருக்கிறார்கள். மூன்று பேரும் சிவப்பைப் பார்த்தார்களே தவிர, விடையை ஒருவரும் பார்க்கவில்லை. ஸ்கேலிலும் பிள்ளை ஒன்றிலிருந்துதான் ஆரம்பித்திருக்கிறாள். அப்பா அப்படித்தானே செய்வார்!

“சில்லு, நீ ஒண்ணுகூடத் தப்பா அளக்கல,” என்றார். சந்தோஷமாகவும் இருந்தது, செருப்பால் அடித்தது போலவும் இருந்தது. “நான்தான் உனக்குத் தப்பாக் காட்டிட்டேன்.”

அவள் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “இதை டீச்சர்கிட்ட யாரு சொல்றது?”

யார் சொல்வது? அம்மா சொல்லலாம்தான். ஆனால் மனசுக்குள் கழித்தது அம்மா இல்லையே.

அவர் மூன்று துண்டுகளையும் பொருத்தி முடித்து, சாந்து ஒட்டிய கையைக் கழுவினார். இரண்டு தடவை கழுவினார். மணி இரண்டேகால். சில்லு அந்த மூன்று பட்டைகளையும் எடுத்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள்.

*

பள்ளி வராந்தா காலியாக இருந்தது. மூன்றாம் வகுப்பு வாசலுக்கு வந்ததும் டைல்ஸ்காரரின் கால் நின்றுவிட்டது. ஆறாம் வகுப்பில் இதே மாதிரி ஒரு வாசலுக்கு வெளியே, வாய்ப்பாடு தெரியாமல் அவர் எத்தனையோ நாள் நின்றிருக்கிறார். அந்த வருடத்தோடு படிப்பையும் விட்டார். இதை மனைவியிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

உள்ளே மனைவி சலவைப் பிரிவு நீலச் சட்டையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் முகத்தில் வந்த ஆச்சரியத்தை அவள் மறைக்கவில்லை. “வந்துட்டீங்களா!” என்றாள்.

வந்தவர் உட்காரக்கூட இல்லை. மடிப்புத் தடம் போகாத தாளை மேஜையில் வைத்தார். பக்கத்தில் டேப்பை வைத்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்த பேச்சு முழுவதும் காற்றோடு போய்விட்டது.

“டீச்சர், தப்பு என்னுது.”

“புரியலீங்க. என்ன தப்பு?”

“இந்த டேப்புல முதல் சென்டிமீட்டர் கிடையாது. நான் ஒண்ணுல ஆரம்பிச்சு, மனசுக்குள்ள ஒண்ணு கழிச்சுக்குவேன். பிள்ளை ஆரம்பிக்கிறதைப் பாத்துது. கழிக்கிறதைப் பாக்கல. ஒரு தடவை விடையெல்லாம் பாருங்க டீச்சர். பத்தும் சரியா ஒண்ணே ஒண்ணு கூட.”

டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மேலிருந்து கீழே விரல் ஓடியது. மறுபடியும் மேலே போய் ஓடியது.

“நாப்பத்திரண்டு தாளு,” என்றார் மெதுவாக. “ராத்திரி சமையலுக்கு நடுவுல திருத்தினேன். தப்புன்னு மட்டும் பாத்தேன். எப்படித் தப்புன்னு பாக்கல.” சில்லுவைப் பார்த்தார். “என்னை மன்னிச்சுடும்மா.”

ஒரு டீச்சர் தன்னிடம் அப்படிச் சொல்வாரென்று சில்லு எதிர்பார்க்கவில்லை. “பரவால்ல டீச்சர்,” என்றாள்.

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சிரிப்பை அனுமதித்தாள். “அந்த டேப்பத் தூக்கிப் போடச் சொல்லி நூறு தடவ சொன்னேன் டீச்சர்!”

ஆனால் டீச்சர் சிரிக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்தார்.

“நான் கூப்பிட்டது அந்தத் தாளுக்காக மட்டும் இல்லீங்க. இது அதுக்கு அடுத்த வாரம் வெச்ச பரீட்சை. கூட்டல், கழித்தல். இதை நீங்க பாத்திருக்க மாட்டீங்க.”

தாளில் ஒரு கணக்குகூடப் போடவில்லை. நடுவில் அழகான கையெழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது.

‘எங்கள் வீட்டில் யாருக்கும் கணக்கு வராது. அப்பா சொன்னார்.’

அம்மா கணவரைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

டைல்ஸ்காரர் அந்த வரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் மகளுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். அந்த முட்டிகளில் இன்னும் சிமெண்டு வெள்ளையாக இருந்தது.

“சில்லு, அது பொய் கண்ணு. எனக்குக் கணக்குன்னா பயம். பயம்னு சொல்ல வெக்கமா இருந்துது, அதான் வராதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். சொன்னதுல உன்னையும் சேத்துட்டேன். சேத்திருக்கக் கூடாது.”

சில்லு யோசித்தாள். “அப்ப உங்களுக்கு வருமா?”

“தினமும் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அதைத்தான் பண்றேன். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

“அம்மாவுக்கு?”

“எனக்கு நல்லாவே வரும்,” என்றாள் அம்மா. “இந்த வீட்டுல என்னை யாரும் கேட்டதில்ல!”

இப்போது டீச்சரும் சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல் கேட்டார். “சில்லுகளை அடுக்குவியாமே, அம்மா சொன்னாங்க. எப்படி அடுக்குவ?”

“ரெண்டு நீலம், ஒரு வெள்ளை. ரெண்டு நீலம், ஒரு வெள்ளை.”

“வரிசையில பன்னண்டு வெக்கணும்னா நீலம் எத்தனை எடுத்துக்குவ?”

“எட்டு,” என்றாள் சில்லு. மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

டீச்சர் தலையாட்டினார். “இது கணக்குதாம்மா. கணக்கு வேற இல்ல.”

ஆனால் இரண்டாம் வகுப்புக்கு மாற்றும் பட்டியல் காலையிலேயே தலைமை ஆசிரியை மேஜைக்குப் போய்க் கையெழுத்தும் ஆகிவிட்டதாம். “என்னால தனியா பேரை அடிக்க முடியாதுங்க. திங்கட்கிழமை அவங்க முன்னால இன்னொரு பரீட்சை எழுதட்டும். அதுவரைக்கும் பேரு பட்டியல்லதான் இருக்கும். ஒண்ணு மட்டும் சொல்றேன். வெறும் தாளா மட்டும் குடுக்கக் கூடாது. தப்பா எழுதினாலும் எழுதணும். சரியா?”

டீச்சர் நீட்டிய அந்த இரண்டாவது தாளை அம்மா வாங்கிக் கைப்பையில் வைத்தாள். சில்லு அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

*

பேருந்து நிறுத்தத்தில் மூவரும் நின்றார்கள். திங்கட்கிழமையைப் பற்றி யாராவது ஏதாவது சொல்ல வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றியது. என்ன சொன்னாலும் அது பாரமாகத்தான் விழும் என்றும் தோன்றியது.

சில்லு பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்தாள். டீச்சர் கொடுத்தனுப்பிய புது ஸ்கேலை எடுத்தாள். பட்டையின் ஓரத்தைப் பூஜ்ஜியத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. இரண்டாவது பட்டையை வைத்துப் பார்த்தாள்.

“அப்பா, நான் ஒரு சென்டிமீட்டர்தானே கூடச் சொன்னேன்?”

“ஆமா.”

“அப்ப வெட்டி விழுந்ததும் ஒரு சென்டிமீட்டர் இருக்கணும்ல? இது எட்டுச் சின்னக் கோடுதான் இருக்கு. மிச்சம் ரெண்டு கோடு எங்க போச்சு?”

டைல்ஸ்காரர் பட்டையை வாங்கிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த விஷயம்தான். இதுவரை யாரும் அவரிடம் கேட்காத விஷயம்.

“பிளேடு தின்னுடுச்சு கண்ணு. பிளேடுக்கும் தடிமன் இருக்குல்ல? ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் ரெண்டு கோடு அளவுக்கு டைல் தூளாப் போயிடும்.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஒவ்வொரு தடவையும்.”

சில்லு ஸ்கேலைப் பார்த்தாள். உதடு முணுமுணுத்தது. “அப்ப அஞ்சு தடவை வெட்டினா, ஒரு சென்டிமீட்டர் முழுசா அதுவே தின்னுடும்.” பிறகு தலையை நிமிர்த்தினாள். கண் பெரிதாகியிருந்தது. “ஒரு டைல் முழுசையும் பிளேடே தின்னு தீக்கணும்னா எத்தனை தடவை வெட்டணும்?”

யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளாகக் கேட்டாள்.

டைல்ஸ்காரர் வாயைத் திறந்தார். இருபது வருடப் பழக்கத்தில் அந்தப் பழைய வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அம்மா அவரையே பார்த்தாள்.

“தெரியலயே கண்ணு,” என்றார் அவர். “டைல் முப்பது சென்டிமீட்டர். வா, கண்டுபிடிப்போம்.”

நடைபாதையிலேயே உட்கார்ந்தார். காது இடுக்கிலிருந்த பென்சிலை எடுத்து மகளிடம் கொடுத்தார். அம்மா கைப்பையைத் துழாவினாள். கிடைத்தது அந்த இரண்டாவது தாள்தான். ஒரு வரி மட்டும் எழுதி வெறுமையாகக் கிடந்த தாள். அதை நீட்டினாள்.

சில்லு அதை முழங்காலில் வைத்து, அந்த வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

பேருந்து வந்து நின்றது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு நிமிடம் நின்றுவிட்டு அது கிளம்பிப் போய்விட்டது.